அறுப்புப் பண்டிகைக்கு ஒரு தடியங்காய்

நமக்கெல்லாம் காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் ஒருத்தியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குக் கூடியபோது, லைன் வீட்டில் ஒன்றாக வளர்ந்த நாம் ஏழெட்டுப் பேர் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒருவன், யாரென்று சொல்லமாட்டேன், எங்கள் வீட்டுக் கூரையில் தடியங்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்ததாக அடித்துவிட்டான். நீங்களும் தலையாட்டினீர்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரியாணிக்கு முன்னால் உண்மைக்கு ஏது மரியாதை என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். காய்த்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக எங்கள் வீடு இரண்டாகப் போகப் பார்த்தது.

முன்னால் கம்பெனி, பின்னால் லைன் வீடு. நாலு தையல் மெஷின் போட்டிருந்தாலும் திருப்பூரில் அதற்குக் கம்பெனி என்றுதான் பெயர். லைனை நமக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் கம்பெனியில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஓடின. அப்பா அவரிடமே கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டில் உட்கார்ந்தபடி பனியன்களில் தொங்கும் நூல் பிசிர் வெட்டுவாள். வெட்டிய பிசிர் எங்கள் தலையில் இருக்கும், சோற்றில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பைபிளைத் திறந்தால் அதற்குள்ளும் இருக்கும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

லைனுக்குப் பின்னால் ஓடிய சாக்கடைக்குத் தினம் ஒரு நிறம். பள்ளிக்குக் கிளம்பும்போது இன்றைக்கு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவோமே, அதையாவது ஒழுங்காக நினைவு வைத்திருக்கிறீர்களா? ஊதா ஓடினால் எனக்கு வெற்றி. சாயப்பட்டறைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கி இறங்கி, போர் தண்ணீர் உப்பாகிப் போயிருந்தது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாய் கொப்பளித்தால் நாக்கில் ஒரு துரு ருசி தங்கும். குடிக்கிற நல்ல தண்ணீர் முன்பக்கம் வீட்டுக்காரர் தொட்டியில் மட்டும்தான் உண்டு. லாரிக்காரனிடம் வாங்கி நிரப்பி, எல்லா வீட்டுக்கும் அளவாகத் தருவார்.

நாம் எல்லோரும் தெற்கே, பனங்காட்டுச் செம்மண் ஊர்களிலிருந்து வந்தவர்கள். இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் எல்லார் வீட்டிலும் பெட்டி கட்டினார்கள். அந்த இரண்டு வருஷம் முடியவே இல்லை. ஆனாலும் அறுப்புப் பண்டிகைக்கு ஊருக்குப் போவது மட்டும் தவறாது. உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்தில் விளைந்ததில் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஒரு வாழைத்தாருக்காக இரண்டு மாமன்மார் மல்லுக்கு நின்று, கடைசியில் யார் எடுத்தாலும் எல்லோரும் சேர்ந்து தின்பார்கள்.

அந்த வருஷம் எக்ஸ்போர்ட் ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. யாருக்கும் லீவு இல்லை என்றாகிவிட்டது. நம் பெரியவர்கள் கூடிப் பேசி, பண்டிகையை இங்கேயே வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். இங்கே என்றால், கட்டிங் வேஸ்ட் குடோனுக்கு மேலே நாம் ஞாயிறுதோறும் கூடிய அந்த வாடகை மாடி. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து உட்காருவோம். புதுத் துணியின் வாசனையும் பழைய வியர்வையும் சேர்ந்து கீழேயிருந்து ஏறி வரும். ஆராதனை நடத்துகிற நம் உபதேசியார் மற்ற ஆறு நாளும் ஒரு கம்பெனியில் அயர்ன் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டு வந்த ஜிப்பாவைப் போல மடிப்புக் கலையாத ஜிப்பாவை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம், அம்மாவைத் தவிர.

"வயலும் இல்ல, வரப்பும் இல்ல. எதை அறுத்துக் கொண்டு வைக்கப் போறாவ? கடையில வாங்கி வச்சா அது காணிக்கை இல்ல, சாமான்" என்றாள்.

அம்மாவுக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. இது எதுவும் விளையாத ஊர் என்பாள். ஊரில் தாய்மாமா வீட்டில் ஓர் அறை எங்களுக்காகச் சும்மா கிடந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும், அப்பா இங்கே இருந்து சம்பாதித்து அனுப்பட்டும் என்பது அவள் எண்ணம். அப்பாவோ எங்களை விட்டுவிட்டுத் தனியாக ஒரு நாள் இருக்க மாட்டார். அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"ஆண்டவர்ட்ட ஒரு அடையாளம் கேட்டுருக்கேன். குளியலறைச் சுவரோரம் தடியங்கா விதை போடுதேன். இந்த ஊர் மண்ணுல, இந்த உப்புத் தண்ணியில, பண்டியலுக்குள்ள ஒரு காய் வந்து அதைக் கொண்டு பீடத்துல வச்சேம்னா இங்கனயே கிடப்போம். ஊருன்னு நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா நானும் பிள்ளையும் போறோம்."

"தடியங்காயா பதில் சொல்லும்?" என்றார் அப்பா.

"அவரு சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துலயும் டி.சி. வேணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

நம் அம்மாக்கள் எல்லோரும் அடையாளம் கேட்கிறவர்கள்தாம். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சரியா என்று கேட்பார்கள், சீட்டுச் சேரலாமா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டால் பிறகு பேரம் கிடையாது. அப்பா இல்லாத வீட்டில் தூங்கி எழுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன்.

தடியங்காய் என்று நாம் சொல்வது, இங்கே இருப்பவர்களுக்கு வெள்ளைப் பூசணி. மாமா வீட்டிலிருந்து வந்த விதை. அம்மா ஊன்றியபோது வீட்டுக்காரம்மா தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த மண்ணுல அருகம்புல்லே வராதுங்களே" என்று கவலையோடு சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டாள். அரிசி களைந்த போர் தண்ணீரைத் தினமும் ஊற்றினாள். முளை வந்தது. முதல் இலைகளின் ஓரம் தீய்ந்துபோனது. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று நீங்களெல்லாம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வந்த இலைகள் தீயவில்லை. கொடி சுவரில் ஏறியது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் படர்ந்தது. அம்மா தினமும் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பாள்.

கொடி எப்படிப் பிழைத்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பல் தேய்க்கப் போனபோது, அப்பா குளியலறைச் சுவரோரம் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு கேன். அதிலிருந்து தம்ளரில் மொண்டு மொண்டு, பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி வேரைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர்.

"அம்மாட்ட சொல்லிராத, என்னட்டி?"

"அது தப்பு இல்லையாப்பா?"

"தப்புதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் ஊற்றினார்.

நான் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

அப்பாவுக்கு நம் ஊர்ப் பேச்சு வாசலோடு சரி. வாசலைத் தாண்டினால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு இந்த ஊர்க்காரர்களையே மிஞ்சிவிடுவார். தொட்டியில் கேனை நிரப்பப் போனபோது ஒரு முறை நானும் கூட இருந்தேன். வீட்டுக்காரர் தொட்டி மேல் கை வைத்து நின்றுகொண்டு, "எதுக்குங்க மாஸ்டர் நெதமும் ஒரு கேன் கூடுதலா?" என்று கேட்டார்.

"பொறத்தால ஒரு கொடி போட்டிருக்கறமுங்க. மண்ணு உங்க மண்ணு, தண்ணி உங்க தண்ணி. காய்ச்சா அது உங்க காயிதானுங்களே."

"அட, நம்ம எடத்துல காய்க்குதா? தண்ணி நல்லா எடுத்துக்கோங்க" என்று வீட்டுக்காரர் பூரித்துப் போனார்.

அப்பா சொன்னது ஒரு மரியாதைக்கு. வீட்டுக்கு வந்தவரிடம் இது உங்கள் வீடு என்று சொல்வோம், அவர் பத்திரத்தையா கேட்பார்? ஆனால் நம் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற மனிதர். அவரிடம் பொய் கிடையாது, மறைபொருளும் கிடையாது. அது அப்பாவுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

பூக்கள் வந்தன, உதிர்ந்தன. பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. கடைசியில் ஒன்று நின்றது. முதலில் மேலெல்லாம் முள்முள்ளாக மயிர். வெயிலில் கூரை சுடும் என்று அம்மா பனியன் துணியில் சும்மாடு சுற்றி அதன் கீழே வைத்தாள், காற்றில் உருளாமலிருக்கக் காம்பில் சிவப்பு நூல் கட்டி கூரைக் கொக்கியோடு இழுத்து முடிந்தாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று நாம் விரலை மடக்கிக் காட்டுவோம். அதெல்லாம் நாம நம்பக் கூடாது என்று அம்மா திட்டினாள். ஆனால் பக்கத்து வீட்டு அத்தைக்குக் காட்டியபோது அவளும் விரலை மடக்கிக்கொண்டுதான் காட்டினாள்.

காய் திரண்டு, மேலே சாம்பல் பூத்தது. சாம்பல் பூத்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு நாள் பிசிர் வெட்டிக்கொண்டே, "அந்தப் பக்கத்துச் சுவரோரம் ஒரு முருங்கைக் கம்பு நட்டா என்ன?" என்றாள். முருங்கைக் கம்பு காய்க்க வருஷமாகும். அப்பா குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது.

பிறகு ஆயுத பூசை வந்தது. ஊரில் மெஷின் சத்தம் நிற்கிற ஒரு நாள். எல்லாக் கம்பெனி வாசலிலும் வாழைக்கன்று, மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, பொரி கடலைப் பொட்டலம். படைத்ததைத் தின்னக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லியிருந்தார்கள். நாம் தின்போம், அம்மாக்கள் கண்டும் காணாமல் இருப்பார்கள். அந்த வருஷம் நானும் அம்மாவும் காலையிலேயே மாடிக்குப் போய், மற்றப் பெண்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பண்டிகைக்காகத் தரை கழுவித் தோரணம் கட்டினோம். அப்பா எனக்குக் கவுன் எடுக்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். வெள்ளைச் சதையெங்கும் குங்குமம். கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. வண்டிகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போயின. அம்மாவும் சுற்றித்தான் போனாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள். ஒரு சில்லில் காம்பு ஒட்டியிருந்தது. காம்பில் சிவப்பு நூல்.

வீட்டுக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மிணி. இத்தனை வருசமா சந்தையில வாங்குன காயிதானுங்க ஒடைச்சுட்டு இருந்தம். இந்த வருசம் நம்ம மண்ணுல வெளஞ்ச காயி. நானே ஏறி, கீழ வைக்காம அறுத்துட்டு வந்தனுங்க. இனி நம்ம கம்பெனிக்கு ஒரு கொறையும் வராதுங்க."

எனக்கு என்ன தோன்றியதென்றால், துண்டுகளை எடுத்துக் கழுவிவிட்டால் என்ன என்றுதான். குனிந்தேன்.

"தொடாதீங்க கண்ணு, அது திருஷ்டி கழிச்சதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"தொடாத ஏட்டி, அது படைச்சது" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. அவருக்கு அதில் ஊர்க் கண்ணெல்லாம் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு அது வேறு சாமிக்குப் போய்விட்டது. சந்தையில் வாங்கிய காய் வேண்டாம், நம் மண்ணில் விளைந்ததுதான் வேண்டும் என்று இருவரும் ஒன்றையேதான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அவரைக் கடித்து வைக்கலாம் போல இருந்தது. அம்மா "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள்.

அப்பா கவுன் பொட்டலத்தோடு விசிலடித்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போய்க் கேக்கேன்."

"என்ன கேப்பிய? ஒட்டித் தரச் சொல்லுவியளா?" அம்மா சத்தமே போடவில்லை. "பதில் வந்துட்டு. வேண்டாம்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை நானும் பிள்ளையும் போறோம்."

மறுநாள் வீட்டுக்காரம்மா ஒரு தட்டில் பழமும் இனிப்பும் கொண்டுவந்தார். பூசைக்கு வைக்காதது என்று முதலிலேயே சொன்னார். அவருக்கு நம் வழக்கம் தெரியும். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அம்மா நாலே வார்த்தையில் சொன்னாள். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"நெசமா எங்களுக்குத் தெரியாதுங்க. காய்ச்சா உங்க காயின்னு மாஸ்டர்தான் சொன்னாராமுங்க. நெதமும் எங்க தொட்டீல நல்ல தண்ணி எடுத்துட்டுப் போயி அந்தக் கொடிக்குத்தான் ஊத்துனாரு. அதுனால இவரு நம்ம காயின்னே நெனச்சுட்டாருங்க."

"நல்ல தண்ணியா?" என்று கேட்டாள் அம்மா.

அவர் போனபின் அம்மா அப்பாவிடம் திரும்பினாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மாவை அப்படி ஒரு கோபத்தில் நான் பார்த்ததில்லை.

"எப்பயிருந்து ஊத்துதிய?"

"மொத இலை தீய்ஞ்ச அன்னையிலேருந்து."

"நான் ஆண்டவர்ட்ட கேட்டேன். நீங்க எதுக்கு நடுவுல பூந்து பதில் சொன்னிய?"

"அவரு வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்னளா செய்ய?" என்றார் அப்பா. "எனக்கு வேற வழி தெரியல்ல."

காயும் போயிற்று, அது அடையாளமே இல்லை என்றும் ஆயிற்று. சனிக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அப்பா பஸ்ஸுக்கு இடம் சொல்லிவிட்டு வந்தார். என் பள்ளிப் பையைப் பெட்டிக்குள் வைத்தபோது, என் பெயர் எழுதிய லேபிளை அவர் விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாரும் அதட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றினாள். போர் தண்ணீர்தான். நுரை வராமல் சீயக்காயை இரண்டு தடவை போட்டுத் தேய்த்தாள். பிறகு வெயிலில் உட்காரவைத்துச் சிக்கெடுத்தாள். என் முடி உங்களுக்கு நினைவிருக்கும், இரண்டு கைக்குள் அடங்காது.

"இந்தத் தண்ணியில குளிச்சு என் தலையில பாதி கொட்டிப் போச்சு. ஒனக்கு மட்டும் எப்படிட்டி இப்படி வளருது?"

"எனக்கு வேற தண்ணியே தெரியாதுல்லாம்மா" என்றேன். நான் பிறந்தது இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எனக்கு விருந்தாளித் தண்ணீர்தான்.

சீப்பு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் முடியைக் கையில் பிடித்தபடி கூரைமேல் காய்ந்து கிடந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறுக்கிப் பின்னிவிட்டாள்.

மாடி நிறைந்திருந்தது. பீடத்தின் முன்னால் வாழைத்தார், தேங்காய், ஒரு கூடை முட்டை, காலைக் கட்டிய கோழி, பனியன் பண்டல், நூல் கோன்கூட ஒன்று. வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர், மூலனூரில் தன் மாமனார் தோட்டத்து முருங்கைக்காய் ஒரு பெரிய கட்டு கொண்டுவந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு வைத்தார். அட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாம் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். அம்மா முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமாகக் காணிக்கையோடு முன்னால் போனது. அம்மா வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முறை வந்தபோது என் இரண்டு தோள்களையும் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போய், வாழைத்தாருக்கும் முருங்கைக் கட்டுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"என்ன தங்கச்சி இது?" என்றார் உபதேசியார்.

"என் காணிக்கைதான் அய்யா. இந்த மண்ணுல, இந்த உப்புத் தண்ணியில வெளஞ்சது. பத்து வருஷமாக் கண்ணு முன்னாலயே நின்னுருக்கு, நான்தான் பாக்கல." ஆண்கள் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "இதுக்கு யாரும் ஒளிச்சு நல்ல தண்ணி ஊத்தல்ல."

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. புதுக் கவுன் கழுத்தில் குத்தியது, பக்கத்தில் கோழி என் காலைக் கொத்தப் பார்த்தது.

பிள்ளையைக் காணிக்கையாக வைப்பது நம் ஊர்க் கோயில்களில் உண்டு. வைத்த பிள்ளையையும் ஏலத்தில்தான் விடுவார்கள். தகப்பன் கேட்க வேண்டும், அவர் கேட்டபின் வேறு யாரும் கேட்க மாட்டார்கள். தகப்பன் மீட்டுக்கொண்டு போவார். இது நமக்குத் தெரியும். வாழைத்தார் போனது, கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிப் பிடிபட்டுப் போனது. பிறகு உபதேசியார் என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளைக்கு யாரு கேக்குறீங்க?" என்றார்.

அப்பா கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னார்.

உடனே பின்னாலிருந்து வீட்டுக்காரர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அப்பா ஏற்றினார். வீட்டுக்காரர் இன்னும் ஏற்றினார். பாவம், செய்த தவறுக்கு ஈடாகக் கோயிலுக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று அவர் முடிவோடு வந்திருந்தார். விட்டுக்கொடுத்தால் நம்மை அவமதித்ததாகிவிடும் என்று வேறு நினைத்துவிட்டார். அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது, அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. அதற்குள் வீட்டுக்காரம்மாவிடம் பக்கத்திலிருந்த யாரோ விஷயத்தைச் சொல்ல, அவர் கணவரின் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அவிங்க புள்ளைய அவிங்களே மீட்டுக்கோணுமாமுங்க."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மிணி. மறுக்காவும் உங்களுத நான் எடுத்துட்டுப் போகப் பாத்தனுங்க."

முதலில் சிரித்தது அம்மாதான். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு மாடியே சிரித்தது. கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "நீங்க என்னங்கண்ணா செய்வீங்க, எங்க வீட்டு ஆளு பேசின பேச்சு அப்படி" என்றாள். அவள் வாயில் 'ங்க' அத்தனை சரளமாக வந்ததை அன்றுதான் கேட்டேன்.

உபதேசியார் மூன்று முறை கேட்டுவிட்டு என்னை அப்பாவிடம் தள்ளிவிட்டார். மீட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம். வழக்கமாகக் கைக்குழந்தையைத்தான் வைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை யார் வைத்தார்கள்? அப்பா மூச்சைப் பிடித்துத் தூக்கினார். என் கால்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே மாடிப்படியில் இறங்கினார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"பஸ்ஸுக்குச் சொன்னத வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் போயி, டி.சி. எழுத வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

படி முடிந்தது, குடோன் வாசல் முடிந்தது.

"எறக்கி விடுங்கப்பா, எல்லாரும் பாக்காவ" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. என்னைத் தூக்கியிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டவர் போல, தெருமுனைவரை அப்படியே நடந்தார்.